நைலானுக்கு மருதாணிச் சாயம்



சாயக்கழிவு ஆற்றைக் கெடுப்பதைக் கண்டு, நிறம் மங்கிய செயற்கைத் துணிகளுக்கு வீட்டிலேயே தாவரச் சாயம் ஏற்றலாமா எனக் கேட்போர் உண்டு. விடை, துணியைப் பொறுத்தது.

பாலியெஸ்டர் இழை நீரை ஏற்பதில்லை. ஆலைகளில் அழுத்தக் கலன்களில் ஏறத்தாழ 130 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அதற்குச் சாயமேற்றுகின்றனர். நம் அடுப்பில் திறந்த பாத்திரத்து நீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே, பெரும்பாலான தாவரச் சாயங்கள் அதில் பிடிப்பதில்லை. மஞ்சள் ஓரளவு பிடிக்கும். ஆயினும் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும்.

நைலான் அவ்வாறன்று. வேதியியல் அமைப்பில் அது பட்டுக்கும் கம்பளிக்கும் நெருங்கியது. நம் விரலில் சிவக்கும் மருதாணி அதிலும் பிடிக்கும்.

வெண்ணிற நைலான் துணியைச் சோப்பிட்டு நன்கு அலசுக. துணியின் எடைக்குச் சமமான மருதாணிப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுக. சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, துணியை அதிலிட்டு, கொதி வராமல் ஒரு மணி நேரம் சூடாக்கிப் புரட்டுக. ஆறியபின் அலசி நிழலில் உலர்த்துக. செம்பழுப்பு நிறம் கிட்டும். முதலில் சிறு துண்டில் சோதித்துப் பார்ப்பது நலம்.

நிறம் நிலைக்க மயில்துத்தம் சேர்ப்போர் உண்டு. அது மீன்களுக்கு நஞ்சு. அந்நீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு இயற்கைச் சாயம் என்று பெருமை கொள்வதில் பொருளில்லை.

பாலியெஸ்டர் சேலையோ? மங்கினாலும் கிழியும்வரை உடுத்துவோம். ஆற்றுக்கு அதுவே நன்மை.