காஞ்சோன்றிக்குள் கிடந்த முப்பத்தைந்து

சனிக்கிழமைகளில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள், கையெல்லாம் கறுப்பாக வீட்டுக்கு வருகிறார்களே என்று ஆலய வாசலில் இரண்டு மூன்று தாய்மார் கேட்டுவிட்டார்கள். இந்த மாதப் பக்கத்தை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொவென்ட்ரிக்கு வெளியே ஒரு பண்ணையின் பின்புறம், காஞ்சோன்றிப் பற்றைக்குள் ஒரு மசி பெர்குசன் 35 உழவு இயந்திரம் பல வருடங்களாகக் கிடந்தது. பண்ணைக்காரர் இரும்பு விலைக்குக் கொடுக்க இருந்தார். எங்கள் சபையிலுள்ள ஐயா ஒருவர், பரந்தனில் இருபது வருடம் வயல் செய்தவர், அதைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னார். "இது எங்கட மெசின்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. 35 ரகம் 1957 முதல் 1964 வரை சிவப்பும் சாம்பலும் பூசி வெளிவந்தது கொவென்ட்ரியின் பானர் லேன் தொழிற்சாலையிலிருந்துதான். பரந்தனில் ஐயா ஓட்டியதும் அங்கே பிறந்ததே. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. அந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன. எங்கள் வாலிபர் ஒருவரின் வீடும் அதில் ஒன்று.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்தோம். ஐயா, நான்கு தம்பிமார், ஒரு தங்கை, முதலுதவிப் பெட்டி தூக்குவதற்கென்று சேர்க்கப்பட்டு இப்போது இதை எழுதும் தாதி.

முதல் பார்வையிலேயே தெரிந்தது, எஞ்சின் இறுகிவிட்டது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். புகைக்குழாயை யாரும் மூடி வைக்கவில்லை. ஒரு வெறும் ரின்னைக் கவிழ்த்து வைத்திருந்தாலே போதும். மழைநீர் அந்த வழியாக இறங்கி, வால்வு திறந்து நின்ற நடுச் சிலிண்டருக்குள் தங்கித் துருப்பிடிக்க வைத்திருந்தது. தம்பிமார் உடனே பண்ணைக்காரரின் ஜீப்பில் கட்டி இழுத்துப் பார்ப்போம் என்றார்கள். ஐயா விடவில்லை. இறுகின எஞ்சினைப் பலவந்தமாகச் சுற்றினால் பிஸ்டன் வளையம் உடையும், தண்டு வளையும். இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றி, டீசலும் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துவாரத்திலும் ஊற்றிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை உயர்ந்த கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம். அசையவில்லை. மறுபடி ஊற்றினோம். அதற்கடுத்த கிழமையும் அப்படியே. பதினாறு வயதுத் தம்பி ஒருவர் பந்து விளையாடப் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. நான்காவது கிழமை ஒரு விரலளவு அசைந்தது. "பொறு பிள்ளை, பொறு, அது தன்ர பாட்டில இளகும்" என்று ஐயா தங்கையின் தோளைப் பிடித்து நிறுத்தினார். அன்று மாலை முழுச் சுற்றும் சுற்றியது. பிறகு தலையைக் கழற்றி, நடுச் சிலிண்டரின் லைனரையும் மூன்று பிஸ்டன்களின் வளையங்களையும் மாற்றினோம். அந்த வேலைக்கு ஆறு சனிக்கிழமை போயிற்று. அதை முழுவதும் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

டீசல் குழாய்களிலிருந்து காற்றை எடுக்கும் வேலை மட்டும் தாதியிடம் வந்தது. டீசல் எஞ்சினுக்குக் காற்றுக்குமிழி ஆகாது. குமிழி அமுங்கிக்கொடுக்கும், அழுத்தம் ஏறாது, இன்ஜெக்டர் திறக்காது. ஃபில்டரின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு நுரையும் டீசலும், கடைசியில் தெளிந்த டீசல் மட்டும். சேலைன் குழாயில் காற்றை வெளியேற்றாமல் எவருடைய கையிலும் பூட்டாத எங்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அன்றே எஞ்சின் பிடித்தது. கரும்புகை, பிறகு வெள்ளைப்புகை, பிறகு அந்தச் சத்தம். ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சந்தோசத்தில்தான் ஒரு தம்பி இன்ஜெக்டர் குழாயின் நட்டில் கசிவு இருக்கிறதா என்று பெருவிரலை வைக்கப் போனார். கையைத் தட்டிவிட்டோம், சற்றுக் கடுமையாகவே. அவருக்கு அன்று கோபம். தம்பி தங்கைமாரே, இதைக் கவனமாக வாசியுங்கள். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயிலிருந்து நூல்போலப் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் பெரிய நோவும் இராது. உள்ளே தசை செத்துக்கொண்டு போகும். அப்படி நடந்தால் புள்ளி சிறியது என்று வீட்டில் இருக்கக் கூடாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று சொல்ல வேண்டும். விரலைக் காப்பாற்ற உடனே சத்திரசிகிச்சை தேவைப்படலாம். கசிவு பார்க்க ஒரு காட்போட் துண்டைப் பிடித்தால் போதும்.

பெரிய வாக்குவாதம் வேறொன்றில் வந்தது. இந்த 35க்கு ரோல் பார் கிடையாது. ரோல் பார் என்றால், இயந்திரம் புரண்டால் ஓட்டுபவர் நசுங்காமல் தாங்கும் இரும்புச் சட்டம். சுவீடன் 1959இலேயே புதிய இயந்திரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் 1970இலிருந்து. எங்களுடையது 1962ஆம் வருடத்தது. பூட்டத்தான் வேண்டும் என்றோம். தம்பிமார் ஒத்துக்கொள்ளவில்லை, பழைய வடிவம் கெட்டுவிடுமாம், கண்காட்சியில் மதிப்புக் குறையுமாம். ஐயாவும் அவர்கள் பக்கம்: "பரந்தனில ஆர் கம்பி பூட்டினது?" விபத்துப் பிரிவில் வேலை செய்த அனுபவத்தைச் சொல்லியும் பயனில்லை. அந்தக் கிழமை மனத்தாங்கலோடுதான் கலைந்தோம்.

அடுத்த சனிக்கிழமை ஐயா பிந்தி வந்தார். போல்ட்டுகளைத் தகரப்பெட்டியில் தரம் பிரித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். 1978 மாரி. சேற்றில் புதைந்த பெட்டியொன்றை இழுக்க அவருடைய தம்பி இயந்திரத்தில் ஏறினார். கீழே இழுவைக் கம்பி சேற்றுக்குள் இருந்ததால், சங்கிலியை மேலே, கலப்பை பூட்டும் மேல் இணைப்பில் மாட்டினார்கள். கிளச்சை விட்டதும் சக்கரம் சுழலவில்லை, இயந்திரமே சக்கரத்தைச் சுற்றி எழும்பிப் பின்பக்கம் கவிழ்ந்தது. "சங்கிலி கட்டினது நான்தான்" என்றார். அவருடைய மனைவிக்குக்கூட இவ்வளவும் தெரியாது என்று பிறகு அறிந்தோம். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறோம்.

ஹரி பெர்குசன் என்ற அயர்லாந்து விவசாயி மகன் அந்த மூன்று முனை இணைப்பைக் கண்டுபிடித்ததன் நன்மைகளில் ஒன்று, கலப்பை கல்லில் மாட்டும்போது இயந்திரம் பின்னால் கவிழாமல் தடுப்பது. மேல் இணைப்பு முன்பக்கத்தை நிலத்தோடு அழுத்தும். ஆனால் அதே இடத்தில் சங்கிலி மாட்டி இழுத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். இழுப்பதென்றால் பின் அச்சுக்குக் கீழே, இழுவைக் கம்பியில் மட்டுமே. ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடை தலைக்கு மேல் வர ஓரிரு விநாடி போதும். குதிக்க நேரம் கிடைக்காது.

யாரும் மேற்கொண்டு வாதிடவில்லை. நாங்களே ஒட்டிச் செய்யாமல், இந்த ரகத்துக்கென்று சோதித்துச் செய்யப்பட்ட சட்டத்தை வாங்கினோம். விலை வலித்தது. இருக்கைப் பட்டியும் பூட்டினோம். சட்டம் உள்ள இயந்திரத்தில் பட்டி இல்லாவிட்டால் ஓட்டுபவர் அதற்கு வெளியே வீசப்படலாம். சட்டத்துக்கு மற்ற இரும்போடு சேரும்படி சாம்பல் நிறம் பூசலாம் என்று தம்பிமார் கேட்டார்கள். "மஞ்சள் பூசு, கண்ணுக்குத் தெரியட்டும்" என்றார் ஐயா. பூசியதும் அவர்தான்.

சின்னப் பிள்ளைகளை மட்காட்டில் ஏற்றி ஒரு சுற்றுக் கொண்டுவாருங்கள் என்று கேட்கும் பெற்றோருக்கு: இல்லை. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் உழவு இயந்திரத்தில் ஏறுவது இந்த நாட்டில் சட்டப்படியே குற்றம். மற்றவர்களுக்கும் இதில் ஒரே ஒரு இருக்கைதான் உண்டு.

அடுத்த சனிக்கிழமை பிரேக். பழைய பிரேக்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியை ஊதவோ தட்டவோ விடமாட்டோம், நனைத்துத் துடைப்போம், முகக்கவசம் நாங்கள் கொண்டுவருவோம். பிள்ளைகளைப் பழைய உடுப்போடு அனுப்புங்கள். மத்தியானத்துக்கு யாராவது இடியப்பம் தந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டோம்.