அலகில்லா எண் அளவாகுமா?

நீரோட்டத்தையும் காற்றோட்டத்தையும் கணிப்பொறிக்குள் கணித்தறியும் பாய்ம மென்பொருள்களுக்கு அடித்தளம், பொருளின் உருவைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கும் வலைப்பின்னலே ஆகும். ஒரு மென்பொருளில் வரைந்த உருவைப் பிறிதொன்றனுள் கொண்டுசேர்க்கும் வாயிலில்தான் கேடு குந்தியிருக்கின்றது.

எசு.டி.எல். என்னும் கோப்புமுறையை நோக்குக. ஒளியால் பிசினை இறுக்கி உருவார்க்கும் பொறிகளுக்கென 1987இல் ஆக்கப்பட்டது அது, பாய்மத்திற்கென ஆக்கப்பட்டதன்று. புறப்பரப்பை முக்கோணங்களாக்கி, அவற்றின் முனைகளை வெற்றெண்களாக எழுதிவைக்கும். 10 என்றிருக்கும். மில்லிமீட்டரா, மீட்டரா, அங்குலமா? கோப்பு வாய்திறவாது. அதன் இரும வடிவில் 80 பைட்டுத் தலைப்பிடம் உண்டு; அலகைப் பொறிக்க அதில் இரண்டு பைட்டு போதும். அதனைக் கட்டாயமாக்க எவர்க்கும் உள்ளம் வரவில்லை!

விளைவைக் காண்க. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 10 செண்டிமீட்டர் விரைவில் நீர் ஓடினால் இரெனால்ட்சு எண் ஏறத்தாழ 1000. நீர் அடுக்கடுக்காய் அமைந்து ஓடும். 2004இல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட ஓப்பன்போம் மென்பொருளோ வந்த எண்ணையெல்லாம் மீட்டராகவே கொள்ளும். குழாய் 10 மீட்டராகிவிடும், இரெனால்ட்சு எண் பத்து இலக்கமாகிவிடும், அமைதியோட்டம் கொந்தளிப்பாகிவிடும். திரையிலோ அதே குழாய், அதே வடிவம்! வலைப்பின்னலை ஆராயும் அதன் கட்டளையும், கட்டங்களின் வடிவம் செவ்விதாயிருப்பின், 'வலை நன்று' என்றே சான்றளிக்கும். உருவின் எல்லை எண்களை அது முன்னரே காட்டியிருக்கும். 'நன்று' என்ற சொல்லைக் கண்டபின் அவ்வரியைப் படிப்பார் எத்துணைப் பேர்?

'பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டாவா?' என்பர், இம்முறைக்குப் பரிந்து பேசுவோர். அறிந்தோரே இடறினர் என்பதற்கு 1999 சான்று. நாசா செவ்வாய்க்கு விடுத்த தட்பவெப்ப ஆய்வுக்கலம், ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்த எண்ணை மற்றொன்று நியூட்டன் கணக்கில் கொண்டமையால் அழிந்தது. அங்கு வேறுபாடு நான்கரை மடங்களவே. இங்கோ ஆயிரம் மடங்கு!

தொல்காப்பியம் எண்ணுப்பெயர் வேறு, அளவுப்பெயர் வேறு, நிறைப்பெயர் வேறு எனப் பிரித்துவைத்தே புணர்ச்சி கூறுகின்றது. அத்தெளிவு, பாய்மக் கணக்கிற்கு உருக்கொடுக்கும் கோப்புக்கு இல்லை.

வழியில்லாமலும் இல்லை. போயிங்கும் நாசாவும் 1994இல் தொடங்கிய பொதுக்கோப்பு முறையில் அலகைக் குறிக்க இடமுண்டு. இருந்தும் எளிமை என்ற பெயரால் எசு.டி.எல்.லையே கட்டியழுகின்றனர். சில மென்பொருள்கள் உள்ளே விடுமுன் அலகைக் கேட்கின்றன. விடையோ வரைந்தவனின் நினைவில் மட்டுமே உள்ளது. அவன் வேலையை விட்டுப் போயிருந்தால் எவரைக் கேட்பது? அலகு பொறிக்கப்படாத கோப்பை ஏற்க மறுத்து, ஒரு முக்கோணத்தையும் உள்ளே விடாமல் நிற்கும் மென்பொருளே இனித் தேவை.