சிறு அலைபரப்பியும் தமிழ்க் கேட்டலும்

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் இன்று ஒரு சிறு கருவியைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். நம்மில் பலர் வாங்கி, சில காலம் பயன்படுத்தி, பிறகு மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்ட கருவிதான் அது: எம்பி3 இசைக்கருவியோடு இணைக்கும் எப்.எம். டிரான்ஸ்மிட்டர். தமிழில் இதைப் பண்பலை அலைபரப்பி எனலாம். கேமரன் மலைத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் இக்கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பது என் கருத்து.

இதன் இயக்கம் எளியது. இசைக்கருவியில் உள்ள ஒலியை இது மிகக் குறைந்த ஆற்றலுள்ள பண்பலையாக மாற்றிச் சில மீட்டர் தொலைவுக்குப் பரப்பும். அருகிலுள்ள வானொலிப் பெட்டி அதை ஒரு நிலையமாகவே கருதிப் பிடித்துக்கொள்ளும். 2001ஆம் ஆண்டில் ஐபாட் வெளிவந்தபின், ஒலிநாடா மட்டுமே இருந்த கார்களில் அந்தப் பாட்டைக் கேட்க வழி தேடியவர்களால் இக்கருவி பரவலாயிற்று. பிறகு திறன்பேசியும் புளூடூத்தும் வந்தன. 2022ஆம் ஆண்டில் ஐபாட் தயாரிப்பே நின்றுபோயிற்று. ஆயினும் பழைய கருவிகள் வீடுகளில் கிடக்கின்றன. காரில் செருகும் புதிய வகைகளும் கடைகளில் கிடைக்கின்றன.

"புளூடூத் ஒலிபெருக்கி இருக்கும்போது இது எதற்கு ஐயா?" என்று கேட்பீர்கள். நல்ல ஒலிபெருக்கி உள்ள வகுப்பில் அதையே பயன்படுத்துங்கள். ஒலியும் தெளிவாக இருக்கும். ஆனால் ஒலிபெருக்கி ஓரிடத்திலிருந்து ஒலிப்பது. பண்பலையோ ஒரே நேரத்தில் எத்தனை வானொலிகளிலும் கேட்கும். ஐந்து குழுக்களுக்கு ஐந்து பழைய வானொலிப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டால், கடைசி வரிசையில் அமரும் பிள்ளைக்கும் குரல் காதருகே வந்துவிடும். இணையம் வேண்டா, தரவுக் கட்டணமும் இல்லை. மலைச்சரிவுகளுக்கிடையே கைப்பேசி அலை வந்து வந்து போகும் இடங்களில் இது சிறிய நன்மையன்று.

நம் மலையில் இக்கருவிக்கு ஏற்றதொரு சூழலும் உண்டு. பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் அதன் மறுபுறத்தில் நிழல் விழும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவில் தெளிவாகக் கேட்ட பாட்டு அடுத்த வளைவில் இரைச்சலாவதை அனைவரும் அறிவோம். கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையுச்சியில் அலைபரப்புக் கோபுரங்கள் நின்றாலும், பள்ளத்தாக்கின் மடிப்புகள் அனைத்தையும் அலை ஒரே அளவில் எட்டுவதில்லை. நெரிசலான நகரத்தில் காலியான அலைவரிசையைக் கண்டுபிடிப்பது கடினம், மலைமடிப்பில் எளிது.

அமைக்கும் முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. முதலில் வானொலியை மட்டும் திறந்து, 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் தேடுங்கள். எந்த நிலையமும் கேட்காமல் வெறும் இரைச்சல் மட்டும் வரும் இடமே நமக்கு வேண்டியது. அதன் இருபுறமும் 0.2 அல்லது 0.4 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் நிலையம் இல்லாதிருந்தால் மிக நன்று.

2. அலைபரப்பியை அதே எண்ணில் வையுங்கள். இரண்டு அலைகள் ஒரே எண்ணில் மோதினால், வலிமையானதையே பண்பலை வானொலி பிடிக்கும். ஆகவே, நிலையம் உள்ள இடத்தில் நம் சிறு கருவி தோற்றுப்போகும்.

3. இசைக்கருவியின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். முழுதாகக் கூட்டினால் குரல் கரகரக்கும். மிகவும் குறைத்தால் இரைச்சல் மேலோங்கும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டின் வானொலியில் செய்யுங்கள்.

4. கம்பியுள்ள வகைகளில் அக்கம்பியே பெரும்பாலும் அலைவாங்கியாகவும் பயன்படுகிறது. அதைச் சுருட்டி வைக்காமல் நீட்டி வையுங்கள். கருவியை இரும்பு அலமாரிமேல் வைக்காதீர்கள்.

5. வேனில் பயன்படுத்துவோர் புறப்படுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் ஓட்டுநர் அலைவரிசையைத் திருப்பிக்கொண்டிருப்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும். வழியில் வேறொரு நிலையம் குறுக்கிட்டால் கருவியை அணைத்துவிடுங்கள்.

சட்டத்தையும் மறத்தலாகாது. அலைவரிசை நாட்டின் பொதுச்சொத்து. நம் நாட்டில் அதை மேற்பார்ப்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். சான்று முத்திரையுள்ள கருவியையே வாங்குங்கள். "இன்னும் தொலைவு போகட்டும்" என்று அலைவாங்கியை நீட்டுவதும், ஆற்றல் பெருக்கியைச் சேர்ப்பதும் கூடா. பிரிட்டனில் இத்தகைய கருவிகளுக்கு 2006 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் 50 நானோவாட் என்னும் மிகச் சிறிய ஆற்றல் வரம்போடு.

இவ்விடத்தில் இந்தியாவின் இரு நிகழ்வுகளை மாணவர்க்கும் சொல்லலாம். பீகாரின் வைசாலி மாவட்டத்தில், மன்சூர்பூர் என்னும் சிற்றூரில், வானொலி பழுதுபார்க்கும் கடையொன்றிலிருந்து 'ராகவ் எப்.எம்.' என்னும் ஒலிபரப்பு நடந்துவந்தது. மிகக் குறைந்த செலவில் கையால் செய்த கருவி, ஊர்மக்களின் பேரன்பு. எனினும் உரிமம் இல்லாமையால் 2006ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அதே காலக்கட்டத்தில், 2004 பிப்ரவரியில், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் முறையான உரிமத்தோடு 90.4 மெகாஹெர்ட்ஸில் சமுதாய வானொலியைத் தொடங்கியது. ஆர்வம் ஈரிடத்திலும் ஒன்றே. அறைக்குள் ஒலிக்கும் வரை அது நம் உரிமை. ஊருக்கு ஒலிக்க வேண்டுமாயின் உரிமம் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் இளமையிலேயே அறிவது நல்லது.

இனி முதன்மையான வினாவுக்கு வருகிறேன். அலைபரப்பியில் எதை ஒலிக்கச் செய்வது?

திரைப்பாடல்களை ஒலிக்க வானொலி நிலையங்கள் இருக்கின்றன. நாம் ஒலிக்க வேண்டியவை வேறெங்கும் கேட்க முடியாத குரல்கள். போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அன்று காடழித்துக் கொழுந்து நட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்று தாத்தா பாட்டிகளாகிவிட்டனர். கொழுந்துக் கூடையோடு மலையேறிய கதை, மாரியம்மன் கோயில் திருவிழா, தாலாட்டு, விடுகதை, லயத்து வீட்டு வாழ்க்கை ஆகிய அனைத்தும் அவர்தம் நாவில் மட்டுமே இருக்கின்றன. இளையோர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். தோட்ட வேலையில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் உள்ளனர். அந்த முதியோர் குரலை இப்போது பதிவு செய்யாவிட்டால் பின்னர் எந்தக் கருவியாலும் பிடிக்க இயலாது.

மொழிக் காரணமும் உண்டு. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய தொடக்கப்பள்ளிக்கான தர அடிப்படையிலான கலைத்திட்டத்தில் கேட்டலும் பேச்சும் முதலில் நிற்கின்றன. திருக்குறளும் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி அதிகாரத்தை வைத்திருக்கிறது. ஆனால் வகுப்பில் கேட்டலுக்கு நாம் ஒதுக்கும் நேரம் எவ்வளவு? தேர்வு நெருக்கடியைக் காரணம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்ட பிறகு அக்காரணமும் போயிற்று. லகர ளகர ழகர வேறுபாடு கரும்பலகையில் எழுதிக் காட்டுவதால் மட்டும் நாவில் ஏறாது. காது அதைப் பலமுறை கேட்க வேண்டும்.

"திரையில் காணொலி காட்டினால் போதாதா?" என்பாரும் உளர். காணொலி நல்லதே. ஆனால் கண்ணுக்குப் படம் கிடைத்தவுடன் காது ஓய்வெடுத்துக்கொள்கிறது. குரல் மட்டும் வரும்போது பிள்ளை தன் மனத்தில் படம் வரைந்தாக வேண்டும். அதற்குச் சொற்கள் வேண்டும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டில் மூழ்குவதற்கும், ஒரே குரலை முப்பது காதுகள் சேர்ந்து கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சேர்ந்து கேட்டால்தான் கேட்டதைப் பற்றிச் சேர்ந்து பேச முடியும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பெற்றோர்களே, வீட்டு முதியவரின் இசைவைப் பெற்று, அவர் பேச்சைப் பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நடுவில் குறுக்கிடாமல் பேச விடுங்கள். அந்த வட்டார வழக்கைத் திருத்தவும் வேண்டா. ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் அதை வகுப்பு வானொலியில் ஒலிக்கச் செய்யுங்கள். கேட்டபின் மூன்று வினாக்கள் போதும்: யார் பேசினார்? என்ன நடந்தது? எந்தச் சொல் உங்களுக்குப் புதிது? அந்தப் புதிய சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், ஆண்டு முடிவில் நம் தோட்டத்துச் சொல்லகராதி ஒன்று பிள்ளைகளின் கையெழுத்திலேயே உருவாகியிருக்கும்.

இதற்கு மானியம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. இழுப்பறையைத் திறந்து பாருங்கள். கருவி அங்கேயே இருக்கக்கூடும். பாட்டியும் அடுத்த அறையில்தான் இருக்கிறார். அவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

அன்புடன்,
தமிழாசிரியர் ஒருவர்
கேமரன் மலை, பகாங்