எந்தத் தெரு என்று கேட்காத சைக்கிள்

சைக்கிள் பகிர்வுத் திட்டம் பற்றிப் பேச்செடுத்தால் 'அனுபவமிக்க சைக்கிள் ஓட்டிகள்' உடனே கருத்து சொல்வார்கள். வண்டி கனம், கியர் போதாது, சீட் சரியில்லை. விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டோடு பறக்கும் நண்பர்களின் விமர்சனம் இது. தவறில்லை. ஆனால் சென்னையில் அனுபவமிக்க சைக்கிள் ஓட்டி யார்?

எங்கள் விடுதியின் இரவுக் காவலர் அண்ணன் இருபது வருடமாக சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறார். வீடு கண்ணகி நகரில். நகரத்துக்குள் இருந்த குடிசைகளை இடித்து, மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பகிர்வு சைக்கிள் பற்றி அவரிடம் கேட்டேன்.

"அது நமக்கில்ல தம்பி. பின்னாடி கேரியர் இல்ல, பொண்ண எங்க உக்கார வைக்கிறது? வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா வாடகை ஏறிக்கிட்டே இருக்கும். எம் போன்ல பேச மட்டுந்தான் முடியும்."

எனக்கு அப்பா சொன்ன கதை நினைவுக்கு வந்தது. 1980-களில் எங்கள் ஊரில் வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. மணிக்கணக்கில் வாடகை. நோட்டில் பெயர் எழுதும் முன் கடைக்காரர் கேட்பார்: "எந்தத் தெரு?" காலனி என்று சொன்னால் வண்டி இல்லை என்பார், வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டே. அப்பா காசு சேர்த்துச் சொந்த சைக்கிள் வாங்கினார். அதையும் ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்.

2001-02-இல் தமிழக அரசு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது. காலனிப் பிள்ளைகள் பத்துப் பேர் ஒன்றாக மணியடித்துக்கொண்டு ஊர்த்தெருவில் போனோம். பத்துப் பேரையும் இறங்கச் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை.

அதனால்தான் பகிர்வு சைக்கிளை நான் கேலி செய்ய மாட்டேன். இதற்கு முன் யார் உட்கார்ந்தார் என்று கேட்காமல் அடுத்தவர் ஏறி உட்காரும் வண்டி அது. பொதுக் கிணறும் பேருந்தும் போல, நமக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் செயலியும் இணையப் பணமும் அந்தக் கடைக்காரரின் நோட்டாக மாறிவிடக் கூடாது. நிறுத்தம் எங்கே வைப்பது என்று வரைபடத்தைப் பார்ப்பவர் பூங்காவையும் மெட்ரோவையும் கடைவீதியையும் மட்டும் பார்த்தால், அவரும் "எந்தத் தெரு?" என்றுதான் கேட்கிறார்.

சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றது அந்தக் கொள்கை. அதைத்தான் கேட்கிறோம். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் முதல் நிறுத்தங்கள் வரட்டும். சில்லறை கொடுத்தும் வண்டி எடுக்க முடியட்டும். கேரியர் இருக்கட்டும். லாரிக்குப் பயப்படாமல் ஓட்டப் பாதை இருக்கட்டும்.

அடுத்த திட்டத்துக்குக் கருத்துக் கேட்பவர்கள் அனுபவமிக்கவர்களைத் தேடி அலைய வேண்டாம். காலை ஆறு மணிக்கு இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஏதாவது ஒரு கேட் பக்கத்தில் நின்றால் போதும்.