விஞ்ஞானம் கிராம நர்ஸின் கைக்குத் தமிழில் வர வேண்டும்

பரமத்தி வேலூர் வட்டாரத்தில், காவிரிக் கரையோரம் வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் வெல்ல ஆலையிலும் பாடுபடும் குடும்பங்களுக்கு மருத்துவ விஞ்ஞானத்தின் முகம் எது? சென்னையிலுள்ள ஆராய்ச்சிக் கூடமல்ல. டில்லியிலுள்ள நிபுணர் குழுவுமல்ல. வீட்டு வாசலில் வந்து நிற்கும் கிராம சுகாதார நர்ஸ்தான் அந்த முகம். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சர்க்கார் கணக்கு. அந்த 5,000 பேரின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

2020 மார்ச் 11ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆராய்ச்சி முடிவுகள் வெள்ளம்போல் வந்தன. இந்த மாதம் சரியென்று சொன்னது அடுத்த மாதம் தவறென்று ஆயிற்று. இது விஞ்ஞானத்தின் குறையல்ல. தன் தவறைத் தானே திருத்திக்கொள்வதுதான் அதன் பலம். ஆனால் அந்தத் திருத்தம், காரணத்தோடு, களத்தில் நிற்கும் ஊழியருக்கு அவர் மொழியில் உடனுக்குடன் போய்ச் சேர வேண்டாமா? இதுவே நமது கேள்வி.

தடுப்பூசி விஷயத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி 16ந் தேதி ஊசி போடத் தொடங்கியபோது, கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு 4 முதல் 6 வாரம் என்றார்கள். மார்ச் 22ந் தேதி 4 முதல் 8 வாரம் என்றார்கள். மே 13ந் தேதி 12 முதல் 16 வாரம் என்றார்கள். நான்கே மாதத்தில் மூன்று கணக்கு! அதே மே மாதத்தில் நாடெங்கும் ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு. “மருந்து இல்லை, அதனால்தானே தள்ளிப் போடுகிறீர்கள்?” என்று ஜனங்கள் கேட்டால் நர்ஸ் என்ன சொல்வார்? உத்தரவைக் கொடுத்துவிட்டுக் காரணத்தைக் கொடுக்காவிட்டால், மேலிடத்தின் மீது எழும் சந்தேகத்துக்கு அடிமட்ட ஊழியர்தான் ஆளாக வேண்டும்.

சந்தேகத்தோடு போனாலும் பரவாயில்லை. சில சமயம் உயிரே போகிறது. 2020 ஜூன் 16ந் தேதி பிரிட்டனில் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசத்திலுள்ள நோயாளிகளின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்படுவோரின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கோ எந்தப் பலனும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்” என்ற சேதி காட்டுத்தீபோல் பரவியது. “யாருக்குக் கூடாது” என்ற சேதி பின்தங்கியது. சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் எத்தனை பேர்! கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதியோடு ஸ்டீராய்டின் தவறான உபயோகமும் கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழி வகுத்ததென்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். 2021 ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000 பேருக்கு மேல் அந்த நோய் கண்டிருந்தது.

துப்புரவுத் தொழிலாளியின் கதையும் இதுவே. 2020 ஏப்ரலில் நமக்கு அருகிலுள்ள திருப்பூரில் சந்தைக்கு வருவோர் மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் அமைத்தார்கள். பல ஊர்கள் அதைப் பின்பற்றின. ஏப்ரல் 18ந் தேதி, ஆள் மீது மருந்து தெளிப்பது கெடுதல் என்று மத்திய சுகாதார இலாகா சொன்னது. தெருவில் தெளிப்பதால் பலனில்லை என்று மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து அந்த நெடியைச் சுவாசித்த தொழிலாளிக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொன்னது?

“இவ்வளவு நுணுக்கமான விஷயம் தமிழில் வராது” என்று சிலர் கையை விரிப்பார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் முடிந்தது இன்று முடியாதா? 2020ல் இந்திய விஞ்ஞானிகள் பலர் தாமாகவே கூடி, பொய்ச் செய்திகளை மறுத்து, பல இந்திய மொழிகளில் விளக்கங்கள் வெளியிட்டார்கள். கேரளத்தில் முதலமைச்சர் தோழர் பினராயி விஜயன் மாலைதோறும் நிலைமையை மலையாளத்தில் ஜனங்களுக்கு விளக்கினார். வெளிமாநிலத் தொழிலாளருக்கு அவரவர் மொழியில் சேதி போயிற்று. மனமிருந்தால் மார்க்கமுண்டு.

பணமில்லையா? வெளிநாட்டுப் பிரசுர ஏகபோகங்கள் உட்பட 30 கம்பெனிகளின் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளைக் கல்வி ஸ்தாபனங்களுக்கு வாங்கித் தர, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் ஒதுக்கியது. மாணவர் படிக்கட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த அறிவைக் கிராம நர்ஸ் படிக்கும் மொழிக்குக் கொண்டுவர எவ்வளவு ஒதுக்கீர்கள் என்று கேட்கிறோம்.

நாம் கோருவது இதுதான்:

1. மாநிலப் பொதுச் சுகாதார இலாகாவில் டாக்டர்கள், நர்ஸுகள், மொழிபெயர்ப்பாளர்கள் கொண்ட நிரந்தரப் பகுதி வேண்டும். சம்பளத்தோடு வேண்டும், தொண்டர்களின் நல்லெண்ணத்தில் தொங்கக் கூடாது.

2. ஒவ்வொரு அறிவிப்பிலும் தேதி, முன்பு சொன்னது என்ன, இப்போது மாறியது என்ன, ஏன் மாறியது, எவ்வளவு நிச்சயம், யாருக்குப் பொருந்தாது என்பவை இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

3. வெளியிடுமுன் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸும் துப்புரவுத் தொழிலாளியும் அதைப் படித்துப் பார்க்கட்டும். புரியவில்லையென்றால் குற்றம் எழுத்தில், திருப்பி எழுதுக! அவர்கள் கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் வர வேண்டும்.

4. படிக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். ஆஷா ஊழியருக்கு ஊதியத்துக்குப் பதில் ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டு, இரவில் படித்துக்கொள் என்பது அநியாயம். 2020 ஆகஸ்ட் 7, 8 தேதிகளில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தது சும்மாவல்ல.

இது பழங்கதையல்ல. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பால் மாடுகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் காணப்பட்டது. கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் ஜில்லா அதை அலட்சியம் செய்ய முடியாது. அடுத்த நோய் வந்தால் முதலில் அதை எதிர்கொள்பவர் பண்ணைத் தொழிலாளியும் அவர் வீட்டுக்கு வரும் நர்ஸும்தான். கவசமும் கையுறையும் போலவே, புரியும் மொழியில் அறிவும் அவர்களுக்கு ஆயுதம். அது அவர்களின் உரிமை. அந்த உரிமைக்காகச் சுகாதார ஊழியரும், துப்புரவுத் தொழிலாளரும், விவசாயத் தொழிலாளரும் ஒன்றுபட்டுக் குரல் எழுப்ப வேண்டும். நோய் வருவதற்கு முன்பே எழுப்ப வேண்டும்!