யார் முதுகில் ஏறி இமயம் பார்க்கிறீர்கள்?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து போய்வருவது நம் நாட்டு நடுத்தர வர்க்கத்தாருக்கும் இப்போது ஒரு மோகமாகிவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் இந்தப் பயணத்தை விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. பணம் கட்டினால் போதும். வழிகாட்டி உண்டு, தங்குமிடம் உண்டு, மூட்டை சுமக்க ஆளும் உண்டு. பன்னிரண்டு, பதினான்கு நாளில் 5,364 மீட்டர் உயரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். திரும்பியவர்கள் அனுபவம் எழுதுகிறார்கள். மனவுறுதி ஜெயித்ததாம், தன்னைத் தானே கண்டுகொண்டார்களாம், இமயத்தையே வென்றுவிட்டார்களாம்!

நல்லது. இமயத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? உழைக்கும் மக்களுக்கும் அந்த ஆசை உண்டு. மலைக்குப் போகாதே என்று நாம் யாருக்கும் உபதேசம் செய்ய வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: வென்று வந்த இந்த வீரர்களின் மூட்டை யார் முதுகில் போயிற்று?

நேபாளத்தில் லுக்லா என்ற ஊரில், 2,860 மீட்டர் உயரத்தில், விமானம் இறங்குகிறது. அதற்கு மேலே மோட்டார் ரோடு கிடையாது. நாம்சே, தெங்போச்சே, திங்போச்சே, கோரக் ஷேப் என்று ஏறிக்கொண்டே போகும் அந்தப் பாதையில் அரிசியும் பீர் பாட்டிலும் பலகையும் பயணியின் கம்பளிப் படுக்கையும் பெரும்பாலும் மாட்டின் முதுகிலோ மனிதன் முதுகிலோதான் போகவேண்டும். போர்ட்டர் மூங்கில் கூடையை முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்கிறார். பாரம் முழுவதும் கழுத்தில் இறங்குகிறது. கையில் குறுக்குக்கட்டை வைத்த குட்டைத் தடி. நிற்கும்போது கூடையை அந்தத் தடிமேல் தாங்கவிட்டு மூச்சு வாங்குகிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத பாரம்!

இது நம் கற்பனை அல்ல. ‘சயன்ஸ்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகை 2005ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. நாம்சே சந்தைக்குச் சரக்கு சுமந்து செல்லும் ஆண்கள் தங்கள் உடல் எடையில் சராசரி 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். ஆண்களில் ஐந்தில் ஒருவர் தம் எடையைப்போல் ஒன்றேகால் மடங்குக்கும் மேல் சுமந்தார். இவ்வளவு குறைந்த சக்தியைச் செலவிட்டு இவ்வளவு பாரத்தை எப்படிச் சுமக்கிறார்கள் என்று விஞ்ஞானிகள் வியந்தார்கள். சரக்குக்காரன் வியக்கவில்லை. அவன் அந்தக் கணக்கை முன்பே போட்டுவிட்டான்.

பயணிகளின் மூட்டைக்கு வரம்பு உண்டு என்பார்கள். போர்ட்டர்களின் பாதுகாப்புக்காக 1997ல் தொடங்கிய சர்வதேசக் குழு நேபாளத்தில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிறது. ஆனால் அதைப் பாதையில் நிறுத்துப் பார்ப்பவர் யார்? லுக்லா விமானத்தில் ஏறும்போது பயணியின் சாமானைத் தராசில் வைத்து, 15 கிலோவைத் தாண்டினால் கேள்வி கேட்கிறார்கள். விமானம் விலையுள்ள பொருள். இறங்கியபின் இரண்டு பயணிகளின் சாமானைச் சேர்த்துக் கட்டி ஒரே மனிதன் முதுகில் ஏற்றும்போது தராசு காணாமற்போய்விடுகிறது!

“அவர்கள் ஷெர்ப்பாக்கள், பிறவியிலேயே மலைக்குப் பழகியவர்கள், அவர்களுக்கு ஒன்றும் செய்யாது” என்று பயணிகள் தங்கள் மனச்சாட்சிக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள். இது சுத்தப் பொய். மூட்டை சுமப்பவர்களில் மிகப் பலர் ஷெர்ப்பாக்களே அல்லர். கீழ்மலைகளில் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் வயிறு வளர்க்க முடியாத ராய், தமாங், மகர் விவசாயிகள். அடிவார முகாமில் கிடைக்கும் பிராணவாயு கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். அந்த உயரம் வெள்ளைக்காரனுக்கு எவ்வளவு புதிதோ, கீழ்மலை விவசாயிக்கும் அவ்வளவு புதிது. தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து மரணம்: இந்த நோய் ஜாதியும் பாஸ்போர்ட்டும் பார்த்து வருவதில்லை. பார்த்து வருவது சிகிச்சைதான். பயணிக்குத் தலைவலி என்றால் ஹெலிகாப்டர் வருகிறது. அதிலும் கொள்ளை! நோயே இல்லாதவரையும் நோயாளியாக்கி, ஹெலிகாப்டர் கம்பெனியும் பயண ஏற்பாட்டுக்காரரும் ஆஸ்பத்திரியும் கூடி வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் பணத்தைப் பங்கிட்ட மோசடி 2018ல் நேபாள சர்க்காரின் விசாரணையிலேயே வெளிவந்தது. நோயுற்ற போர்ட்டரைத் தனியே கீழே அனுப்பாதீர்கள் என்று அந்தப் பாதுகாப்புக் குழு விதி எழுதி வைக்கவேண்டியிருக்கிறது என்றால், நடைமுறை என்னவாக இருந்தது என்று விளக்கவேண்டுமா? பக்கத்துப் பள்ளத்தாக்கில் மச்சர்மோ என்ற இடத்தில் போர்ட்டர்களுக்கென்று ஒரு தங்குமிடமும் சிகிச்சைக் குடிலும் எழும்பின. கம்பெனிகளின் லாபத்திலிருந்து அல்ல, நன்கொடைப் பணத்தில்.

இந்த வியாபாரத்தின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1953ல் பிரிட்டிஷ் கோஷ்டி எவரெஸ்ட் ஏறப் புறப்பட்டபோது காத்மாண்டு தூதரகத்தில் துரைமார்களுக்கு அறைகள். ஷெர்ப்பாக்களுக்கு மோட்டார் கொட்டகை. கக்கூஸ்கூட இல்லை. மறுநாள் காலை அவர்கள் தூதரகத்தின் முன்னாலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். (இந்தக் காட்சி எவரெஸ்ட் வெற்றி விழாக்களில் ஞாபகப்படுத்தப்படுவதில்லை!) மே 29ல் டென்சிங்கும் ஹிலாரியும் சிகரத்தில் ஒன்றாக நின்றார்கள். ஹிலாரிக்கும், சிகரம் ஏறாத தலைவர் ஹண்ட்டுக்கும் ‘சர்’ பட்டம். டென்சிங்குக்கு ஒரு பதக்கம். அந்தக் கோஷ்டிக்குப் பின்னணி வேலை பார்த்தவர்களில் ஒருவர் கூர்க்கா படை அதிகாரி ஜிம்மி ராபர்ட்ஸ். 1964ல் அவர்தான் காத்மாண்டுவில் முதல் மலைநடைக் கம்பெனியைத் தொடங்கினார். 1965ல் மூன்று அமெரிக்கப் பெண்மணிகளை எவரெஸ்ட் பாதையில் அழைத்துப்போனார். எந்த மலைகளில் ஏகாதிபத்தியம் சிப்பாய்களைப் பொறுக்கியதோ, அதே மலைகளில் சுற்றுலாக் கம்பெனிகள் சுமையாட்களைப் பொறுக்கின. 2019க்கு முந்தைய ஆண்டுகளில் இந்தப் பிரதேசத்துக்கு ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டார் வந்தார்கள். பாதையோரத்தில் லாட்ஜுகள் எழுந்தன. ஷெர்ப்பாக்களிலேயே லாட்ஜ் முதலாளிகளும் கம்பெனி முதலாளிகளும் தோன்றினார்கள். ஆகவே இது வெள்ளையர், நேபாளியர் என்ற விவகாரம் மட்டுமல்ல.

முகாமுக்கு மேலே என்ன நடக்கிறது? 2014 ஏப்ரல் 18 அதிகாலையில், சிகரம் ஏற வந்த சீமான்களுக்காகக் கயிறும் கூடாரமும் உணவும் சுமந்துகொண்டு கும்பு பனிச்சரிவில் ஏறிய தொழிலாளர்கள்மீது பனிப்பாறை சரிந்தது. 16 பேர் மாண்டார்கள். 16 பேரும் நேபாளியர். மூன்று உடல்கள் கிடைக்கவேயில்லை. சிகரம் ஏறும் அனுமதிக்கு ஓர் ஆளுக்கு 10,000 டாலர் என்று அந்த ஆண்டு சுமார் 30 லட்சம் டாலர் வசூலித்த சர்க்கார், இறந்தவர் குடும்பத்துக்கு ஈமச்செலவு என்று அறிவித்தது எவ்வளவு? 40,000 நேபாள ரூபாய்!

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. அடிவார முகாமிலேயே கூட்டம் போட்டார்கள், கோரிக்கை எழுதினார்கள், இந்த ஆண்டு ஏறமாட்டோம் என்றார்கள். உலகத்தின் மிக உயரமான வேலைநிறுத்தம் என்று அதை நாம் சொல்லலாம். கோடீஸ்வரர்களின் கோஷ்டிகள் ஏறக்குறைய எல்லாமே மூட்டை கட்டின. அன்றைக்கு முதலாளித்துவப் பத்திரிகைகளில் பல, பணம் கட்டியவர்களின் கனவு கலைந்ததே என்றுதான் கண்ணீர் வடித்தன. ஆனால் இன்ஷூரன்ஸ் தொகை 10 லட்சம் ரூபாயிலிருந்து 15 லட்சமாக உயர்ந்தது அந்த வேலைநிறுத்தத்தால்தான்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். 2008ல் நேபாளத்தில் மன்னராட்சி ஒழிந்தது. அதன்பின் செங்கொடி ஏந்திய கட்சிகள் பலமுறை ஆட்சியில் இருந்தன. 2014ல் அந்த 40,000 ரூபாயை அறிவித்த கூட்டணியிலும் அவற்றில் ஒன்று இருந்தது. கொடியின் நிறம் போர்ட்டரின் கூடையைத் தானாகக் குறைத்துவிடாது. 2025 செப்டம்பரில் சிகர அனுமதிக் கட்டணம் 15,000 டாலராக ஏறியது. கட்டணம் ஏறுவதற்குக் காட்டும் வேகம் கூலி ஏறுவதற்கும் வேண்டும் என்று நம் நேபாளத் தோழர்களிடம் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

“நாங்கள் போகாவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஏது?” என்று கேட்கிறார்கள். தஞ்சை மிராசுதாரும் பண்ணையாளிடம் இதையேதான் கேட்டார். பிழைப்பு வேண்டும் என்பதில் தகராறில்லை. தகராறு பாரத்தைப்பற்றியது, கூலியைப்பற்றியது. கூலியைக் குறைத்து வைத்துவிட்டுப் பயணியின் அன்பளிப்பைப் பார்த்துக் கையேந்த வைப்பதைப்பற்றியது. பெரு நாட்டில் 2001ல் சட்டம் வந்தது: போர்ட்டர் முதுகில் 20 கிலோதான். கேரளத்தில் 1978லேயே சுமைத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதனால் மலைகளும் ஓடிப்போகவில்லை, வியாபாரமும் படுத்துவிடவில்லை.

இந்த ஆண்டு அந்தப் பக்கம் போகிற ஆசிரியர்களும் பாங்க் ஊழியர்களும் கம்ப்யூட்டர் ஊழியர்களும் பணம் கட்டுமுன் கம்பெனியைக் கேட்கட்டும். போர்ட்டரின் இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே? கூலி எவ்வளவு? கம்பளியும் பூட்ஸும் உண்டா? இரவில் அவர் எங்கே படுப்பார்? நோய் வந்தால் துணைக்கு யார் இறங்குவார்? இதையெல்லாம் செய்தால் கட்டணம் ஏறிவிடும் என்று கம்பெனிக்காரர் கையை விரிப்பார். ஏறட்டும். அதைக் கொடுக்க மனமில்லாதவர் தம் மூட்டையைத் தாமே முதுகில் போட்டுக்கொண்டு கோரக் ஷேப் வரை நடந்து பார்க்கட்டும். பதினைந்து கிலோதானே!