வயநாடு: பேரிடரும் தற்சார்பும் ஒரே கேள்வியே

ஒரு மாவட்டம் இயற்கைச் சீற்றத்தை எந்த அளவுக்குத் தாங்கும்? தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளுமா? அரசு அலுவலகங்களில் இவ்விரு கேள்விகளும் வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் கிடக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் விடை நிலப் பயன்பாட்டில்தான் உள்ளது என்பதைக் கேரளத்தின் வயநாடு உணர்த்துகிறது.

2024 ஜூலை 30 அதிகாலையில் மேப்பாடி ஊராட்சியின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மலை இதற்கு முன்பும் எச்சரித்திருந்தது. 1984-இல் முண்டக்கையிலேயே மண் சரிந்தது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அதே ஊராட்சியின் புத்துமலையில் 17 பேர் பலியாயினர். பெருமழையே சரிவைத் தூண்டியது என்பது உண்மை. ஆனால் சரிவின் பாதையில் எவரைக் குடியமர்த்துவது என்பதை மழை முடிவு செய்யவில்லை. காடழித்துத் தேயிலை நட்ட தோட்ட முதலாளித்துவமும், பின்னர் மலையேறிய சுற்றுலா வணிகமும் முடிவு செய்தன.

மாவட்டத்தின் மறுபுறம் நிலைமை நேர்மாறானது. கர்நாடகத்தை ஒட்டிய புல்பள்ளி, முள்ளன்கொல்லி ஊராட்சிகள் வறட்சியில் வாடுகின்றன. மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்பிய நெல்வயல்கள் வாழைத் தோட்டங்களாகவும் மனைகளாகவும் மாறியது இதற்கு ஒரு காரணம். வயல் நாடு என்று பெயர் பெற்ற மண், இன்று அரிசிக்கு வெளியூரை எதிர்பார்க்கிறது.

இதற்காக விவசாயியைக் குறை கூறுவது அநீதி. நெல் கட்டுப்படியாகாததால்தான் அவர் மிளகையும் காப்பியையும் நம்பினார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் விலை வீழ்ந்தபோது கடன் அவர் கழுத்தை நெரித்தது; தற்கொலைகள் தொடர்ந்தன. அதன் பின்னரும், 2009-இல், ஒன்றிய அரசு ஆசியான் நாடுகளுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது.

மீளும் வலிமை இம்மண்ணில் உண்டு. கந்தகசாலா, ஜீரகசாலா நெல் வகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைக் காத்துவரும் பழங்குடி உழவர் செருவயல் ராமன் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார். வயல்களை மூடுவதைத் தடுக்கக் கேரளம் 2008-இலேயே சட்டம் இயற்றியது. வயலைக் காப்போருக்கு ஊக்கத்தொகையும் தருகிறது. எனினும் நியாயமான கொள்முதல் விலையும், பழங்குடியினருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் பாதுகாப்பான நிலமும் இன்றித் தற்சார்பு வெறும் சொல்லாகவே நிற்கும்.

இதை ஒரு மாநிலம் மட்டும் சுமக்க இயலாது. 2025 பிப்ரவரியில் வயநாட்டு மறுகட்டமைப்புக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 529.50 கோடி ரூபாயும் மானியமன்று, கடன். அதையும் மார்ச் 31-க்குள் பயன்படுத்த வேண்டுமென நிபந்தனை விதித்தது. ஒன்றரை மாதத்தில் ஓர் ஊரை எழுப்பிவிட முடியுமா?

தற்சார்பு என்பது தனிமனிதர் வேலி கட்டிக்கொண்டு பிழைத்திருப்பதன்று. எந்தச் சரிவில் குடியிருப்புக் கூடாது, எந்த வயலில் நெல் நிற்க வேண்டும் என்பதை மக்களும் ஊராட்சிகளும் அறிவியலின் துணையோடு திட்டமிடுவதே தற்சார்பு. அவ்வுரிமையையும் அதற்கான நிதியையும் போராடியே பெற வேண்டும்.